லோலோவின் கல்லீரல் எங்கே?

சர்ச்சுக்குள் செல்போன் அலறியது!

பாதிரியார் அப்போதுதான் நரகத்துக்குள் நுழைந்திருந்தார். நெருப்பு, கந்தகம், பற்கடிப்பு... சரியாக அந்த இடத்தில்!

மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது.

சோசாயா, சர்ச்சுக்கு மரியாதையாக ஊர் வழக்கப்படி இடுப்பில் சுற்றியிருந்த பாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். டோங்காவின் தலைநகர் நுக்குவாலோஃபா போலீஸின் இன்ஸ்பெக்டர். பாயும் பெரிது, ஆளும் பெரிது. போன் மட்டும் சின்னது.

"ஹ... ஹலோ..."

மறுமுனையில் ஒரு பெண் வீறிட்டாள்.

"சார்! லோலோவைக் கடத்திட்டாங்க!"

"யாரும்மா பேசறது?"

"டாக்டர் எலெனோவா. ஏரிக்கரை ஆராய்ச்சிக்கூடம். சீக்கிரம் வாங்க சார்! லோலோவோட கல்லீரலுக்கு ஏதாவது ஆச்சுன்னா... நான் செத்தேன்!"

லைன் செத்தது.

சோசாயாவுக்கு வியர்த்தது. உறுப்புத் திருட்டா! டோங்காவிலா! அதுவும் ஞாயிற்றுக்கிழமையிலா! இந்த ஊரில் ஞாயிறன்று கடை திறந்தாலே குற்றம். விமானம்கூட இறங்காது. இதில் கல்லீரலை அறுக்க எவனுக்குத் தைரியம் வந்தது?

பாடகர் வரிசையில் நின்று வாயைத் திறந்திருந்த கான்ஸ்டபிள் கேப்புவைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"சார், பிரசங்கம் முடிஞ்சதும் எங்க பாட்டு..."

"வாடா!"

கேப்பு வெளியேறிய பிறகுதான் பாட்டில் சுருதி சேர்ந்தது என்று பின்னால் பலர் சாட்சி சொன்னார்கள்.

வெளியே வரும்போது சோசாயா ஒன்றைக் கவனித்தார். முதல் வரிசையில் ஓர் இடம் காலி. யாருடைய இடம் என்று யோசிப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

*

ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் ஒரு மரப்பெட்டியோடு நின்றிருந்தாள் எலெனோவா. கண்கள் வீங்கியிருந்தன.

"பிளாஸ்டிக் எல்லாத்தையும் இதுல போடுங்க."

"என்னம்மா?"

"உள்ள பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது சார். பேனா, சீப்பு, செருப்பு... எல்லாம்."

கேப்பு பேனாவைப் போட்டான். சீப்பைப் போட்டான். செருப்பைக் கழற்றினான். இடுப்பில் தொங்கிய பிளாஸ்டிக் பட்டை விலங்கையும் உருவிக்கொண்டாள் எலெனோவா.

"அது போலீஸ் சொத்தும்மா!"

"போகும்போது தர்றேன்."

சோசாயா பொறுமையை இழந்தார்.

"இதெல்லாம் இருக்கட்டும். லோலோவுக்கு என்ன வயசு?"

"மூணு."

"ஐயோ, பச்சைக் குழந்தை! எடை?"

"தொண்ணூறு கிலோ."

"நல்லா வளர்ந்த குழந்தை சார்" என்றான் கேப்பு. டோங்காவில் இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளப்பதில்லை.

"அடையாளம்?"

"காதுல தகடு இருக்கும். நம்பர் ஏழு. வால் கொஞ்சம் இடது பக்கமா சுருண்டிருக்கும்."

கேப்பு சோசாயாவைப் பார்த்தான்.

சோசாயா மெதுவாகக் கேட்டார். "எது சுருண்டிருக்கும்?"

"வால்."

"பன்னியா?!"

"ஆமா சார்!"

"ஒரு பன்னிக்காக... நரகத்துக்குப் பாதி வழியில இருந்து என்னை எழுப்பிட்டு வந்தியா? ஞாயித்துக்கிழமை டோங்காவுல பன்னி காணாம போகாம வேற என்னம்மா காணாம போகும்? இந்நேரம் மதிய விருந்துக்காக ஏதாவது ஒரு குழியடுப்புல, மண்ணுக்கடியில வெந்துட்டிருக்கும்!"

எலெனோவா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விசும்பல் கிளம்பியது.

சோசாயா பார்ப்பதற்குப் பாறை. யாராவது அழுதால் பஞ்சு. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி சரி, அழாதே. விவரமாச் சொல்லு."

"எங்க அப்பா கல்லீரல் புற்றுநோய்ல போனார் சார். ஒரு சொட்டு குடிச்சதில்ல. பிறந்ததுலேர்ந்தே உடம்புல ஹெபடைடிஸ் வைரஸ் இருந்துச்சு. இங்க நிறையப் பேருக்கு அந்தக் கதைதான். ஆனா வைரஸ் இருக்கிற எல்லாருக்கும் புற்றுநோய் வர்றதில்லயே. அப்பாவுக்கு மட்டும் ஏன்? கூட வேற எது கைகொடுத்துச்சு? பிளாஸ்டிக்ல சூடா எதையாவது போட்டா அதுலேர்ந்து ரசாயனம் கசியும். அதெல்லாம் தினம் தினம் கல்லீரலுக்குத்தான் போகும். அது ஏதாவது பண்ணுதா, பண்ணலையா? உலகத்துல யாருக்கும் இன்னும் உறுதியாத் தெரியாது."

"அதுக்குப் பன்னி எதுக்கு?"

"ரெண்டு கூட்டமா வளர்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் கூட்டம். சூடான தீனி, பிளாஸ்டிக் வாளி. இந்தப் பக்கம் இலைக் கூட்டம். வாழையிலை, மரத்தொட்டி. பிளாஸ்டிக் வாசனையே கிடையாது. இலைக் கூட்டத்துல நிறைய இருந்துச்சு சார்..."

"எங்க போச்சு?"

"மூணு கல்யாணம், ரெண்டு சாவு, ஒரு புயல். புயல் ஒண்ணைத்தான் எடுத்துச்சு. மீதியெல்லாம் சொந்தக்காரங்க எடுத்தாங்க. கடைசியா மிச்சம் லோலோ மட்டும்தான்!"

கேப்பு தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கல்யாணங்களில் ஒன்று அவனுடையது.

"நாளைக்கு ஆக்லாந்துலேர்ந்து குழு வருது" என்றாள் எலெனோவா. "போன வருஷம் எல்லாப் பன்னிங்களோட மூத்திரத்தையும் அனுப்பினேன். லோலோவோட மூத்திரத்துல பிளாஸ்டிக் ரசாயனம் எக்கச்சக்கம்னாங்க! அந்தப் பக்கத்துப் பன்னிங்களுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லையாம்! லேபிளை மாத்திட்டீங்கன்னு நான் திட்டினேன். நீ ஏமாத்துறேன்னு அவங்க திட்டினாங்க. இப்ப நேர்லயே லோலோவோட கல்லீரலைப் பார்க்க வர்றாங்க. லோலோ இல்லைன்னா நான் மோசடிக்காரி சார்! இந்த இடத்தைப் பூட்டிடுவாங்க. அப்பா எதனால போனார்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது."

சோசாயா எழுந்தார். பாயை இறுக்கிக் கட்டினார்.

"ஊர்ல சர்ச் முடிஞ்சதும் அடுப்பைத் திறந்துடுவாங்க. அதுக்குள்ள கண்டுபிடிக்கணும். வாடா கேப்பு!"

*

பட்டியில் ரத்தம் இல்லை. வேலி உடையவில்லை. வாசல் கதவு ஒழுங்காகச் சாத்தப்பட்டிருந்தது.

"பன்னி கத்தலையா?"

"இல்ல சார். பக்கத்து ரூம்லதான் இருந்தேன். புது ஆள் தொட்டா ஊரைக் கூட்டிடும்."

"அப்ப தெரிஞ்ச ஆள். உள்ள வந்துபோறது யாரு?"

"நான். அப்புறம் ஃபூசி அத்தை. அவங்கதான் தீனி வைக்கிறாங்க."

"அத்தையோட பையைச் சோதனை போடுவியா?"

எலெனோவாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்பாவோட அக்கா சார்! அத்தையோட பையை நான் தொடறதா? நீங்க உங்க அத்தையைச் சோதனை போடுவீங்களா?"

சோசாயா வானத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். "ஐயையோ! சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

நியாயம்தானே. டோங்காவில் ராஜாவுக்குக் கீழே எல்லாரும் பிரஜை. அத்தைக்குக் கீழே எல்லாரும் தூசு. தம்பி பிள்ளைகள் வீட்டில் அவள் கண்ணில் பட்டது அவளுடையது. கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம். எடுத்துக்கொண்டு போகலாம்.

"சார்!"

கேப்புவின் அலறல்! வைக்கோலுக்கு முன்னால் சிலையாக நின்றிருந்தான்.

வைக்கோலுக்கு அடியில்... வெள்ளையாக... வட்டமாக...

ஓர் ஐஸ்க்ரீம் டப்பாவின் மூடி!

எலெனோவா வாயைப் பொத்திக்கொண்டாள். கொலை நடந்த இடத்தில் ரத்தக் கத்தியைக் கண்டவள் மாதிரி முகம் வெளுத்தது.

"பிளாஸ்டிக்! இந்தப் பக்கத்துல பிளாஸ்டிக்!"

இடுக்கியால் அதைத் தூக்கினாள். உள்பக்கம் தேங்காய்ப்பால் பிசுக்கு. இன்னும் காயவில்லை.

"வெனிலா" என்று படித்தார் சோசாயா. "போச்சு. இந்தத் தீவுல இந்த டப்பா இல்லாத வீடு ஏது?"

"ஓரத்தைப் பாருங்க சார்" என்றான் கேப்பு.

ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் மூன்று புள்ளிகள்.

விருந்துக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. டப்பாவில் சோறு போகும். டப்பா திரும்பி வர வேண்டும். அதற்காக ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஓர் அடையாளம் வைப்பாள்.

"இது யாரோட மார்க்குன்னு தெரியுமாடா?"

"தெரியும் சார். எங்க வீட்லயே நாலு டப்பா கிடக்கு. திருப்பிக் கொடுக்கணும்..." கேப்பு எச்சில் விழுங்கினான். "ஃபூசி அத்தை."

சர்ச்சின் முதல் வரிசை, காலியாகக் கிடந்த இடம். சோசாயாவின் மண்டைக்குள் மணி அடித்தது.

சரியாக அதே நேரத்தில் சர்ச்சிலும் மணி அடித்தது.

"முடிஞ்சிருச்சு சார்!" எலெனோவா கத்தினாள். "அடுப்பைத் திறக்கப் போறாங்க!"

*

ஃபூசி அத்தையின் முற்றத்தில் புகை.

குழியடுப்பு மேலே மண் மூடி, ஓரங்களில் ஆவி கசிந்துகொண்டிருந்தது. அத்தை கறுப்பு உடையில், இடுப்புப் பாயோடு, அடுப்புக்கும் வீட்டுக்கும் நடுவே கைகளை இடுப்பில் ஊன்றி நின்றாள். அத்தை நின்றால் வாசல் தெரியாது.

"வா சோசாயா. சாப்பிட்டியா?"

"இல்லம்மா... விசாரணைக்கு வந்திருக்கேன்."

"சாப்பிடாம என்ன விசாரணை? உட்காரு."

சோசாயா உட்காரப் போனார். எலெனோவா முறைத்ததும் நிமிர்ந்தார்.

"அம்மா... இந்த மூடி உங்களோடதா?"

"என்னோடதுதான். டப்பா எங்க?"

"டப்பா கிடக்கட்டும். லோலோவை நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

பதில் இவ்வளவு சுலபமாக வரும் என்று சோசாயா எதிர்பார்க்கவில்லை. அடுத்த கேள்வி அவரிடம் இல்லை.

"திருட்டுன்னு சொல்லுவியா?" என்றாள் அத்தை. "என் தம்பி மகளோட பன்னி. எங்க, சொல்லிப் பாரு. உங்க அத்தைக்கு இப்பவே போன் போடறேன்."

"வேண்டாம்மா, வேண்டாம்!"

எலெனோவா முன்னால் வந்தாள். தலையைக் குனிந்து, அத்தையை விடத் தாழ்வாக இருக்கும்படி மண்டியிட்டாள்.

"அத்தை, வீட்ல எதை வேணாலும் எடுத்துக்கோங்க. என் கட்டிலை எடுங்க, வண்டியை எடுங்க. ஒருநாள்கூட ஏன்னு கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்கறேன். லோலோவை ஏன் எடுத்தீங்க?"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தோண்டுடா!" என்றார் சோசாயா.

கேப்பு மண்ணை வாரினான். சாக்கைப் புரட்டினான். இலைகளை விலக்கினான். ஆவி குப்பென்று அடித்தது. எலெனோவா கண்களை மூடிக்கொண்டாள்.

"சார்..."

"இருக்கா?"

"சேப்பங்கிழங்கு இருக்கு. வள்ளிக்கிழங்கு இருக்கு. சேம்பு இலைல டின் இறைச்சி மடிச்சு வச்சிருக்கு... நல்ல மணம் சார்..."

"பன்னிடா!"

"பன்னி இல்ல!"

அப்போது...

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குறட்டை!

மூவரும் உள்ளே பாய்ந்தார்கள். கட்டில்மேல், ஓடும் மின்விசிறிக்கு அடியில், கையால் பின்னிய விலை உயர்ந்த பாயில் தலையை வைத்து... கால்களை நீட்டி... லோலோ!

உயிரோடு!

எலெனோவா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். லோலோ ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது.

வாசலில் அத்தை விம்மும் சத்தம் கேட்டது. அத்தை கலங்குவதே அபூர்வம், அதிலும் அழுகைச் சத்தம்!

"கத்தியை எடுத்துட்டுத்தான் போனேன்" என்றாள். "அடுப்புல போட்டுட்டா நாளைக்கு எவனும் எதையும் பார்க்க முடியாதுன்னு. ஆனா அது என்னைப் பார்த்துச்சு... என் தம்பி பெனி மாதிரியே. அவனும் படுக்கையில கிடக்கறப்போ நான் சோத்தோட போனா அப்படித்தான் பார்ப்பான்."

"அத்தை..."

"யாரு அவனுக்குச் சோறு போட்டது? நான்தானே! தினம் ரெண்டு வேளை. கொதிக்கக் கொதிக்க. இந்த டப்பாவுலதானே போட்டேன்! நீ படிச்சுட்டு வந்து பிளாஸ்டிக்ல விஷம் இருக்கான்னு பார்க்கப் போறேன்னே. இருக்குன்னு நிரூபிச்சுட்டா? என் தம்பியைக் கொன்னது யாருன்னு ஆகும்? ஊர் சொல்ல வேண்டாம்டி... எனக்கு நானே சொல்லிப்பேனே!"

கேப்பு கையில் எடுத்த சேப்பங்கிழங்கை மெல்லக் கீழே வைத்தான்.

எலெனோவா அத்தையின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு வைரஸ் இருந்துச்சு அத்தை. பெரிய காரணம் அதுதான். டப்பா அதுக்கு மேல ஏதாவது சேர்த்திருக்கலாம், சேர்க்காமலும் இருந்திருக்கலாம். நான் யாரைத் தூக்குல போடலாம்னு தேடலை. இனிமே நம்ம ஆளுங்களுக்கு எதைச் சொல்லணும்னு தேடறேன். நீங்க அப்பாவுக்குப் போட்டது சோறு. விஷம் இல்ல. கடைசி மாசம் அவர் வேற யார் கையாலயும் சாப்பிடலை, தெரியும்ல?"

அத்தை பாயின் முனையால் மூக்கைத் துடைத்தாள்.

"நிஜமாவா?"

"நிஜமா. அதோட, லோலோவை யாரும் அறுக்கப் போறதில்ல. ஊசியால துளியூண்டு எடுப்பாங்க. அவ்வளவுதான்!"

"அறுக்க மாட்டாங்களா? இதை முன்னாடியே சொல்லக் கூடாது?"

"அத்தைகிட்ட யார் விளக்கம் சொல்றது!"

எல்லாரும் சிரித்தார்கள். எலெனோவா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லவேளை. இன்னிக்கு ஒருநாள் டப்பாவுல தின்னதால ஒண்ணும் கெட்டுப்போகாது."

அத்தை கூரையைப் பார்த்தாள்.

"அத்தை?"

அத்தை சுவரைப் பார்த்தாள்.

"அத்தை... இன்னிக்கு ஒருநாள்தானே?"

"முதல் நாள்லேர்ந்து" என்றாள் அத்தை.

"என்னது!"

"டப்பாவுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதுன்னு நினைச்சேன். லோலோவுக்கும் அதோட கூட இருந்ததுங்களுக்கும் டப்பாவுல சூடா வச்சேன். அந்தப் பக்கத்துப் பன்னிங்களுக்கு வாளியைக் கவுத்துட்டு வாழையிலையில வச்சேன். கடைசியில இலைப் பன்னிக்கு வியாதி வரும், பிளாஸ்டிக் பன்னி நல்லா இருக்கும். டப்பா மேல தப்பில்லைன்னு நீயே எழுதுவே. என் பையைத்தான் யாரும் தொட மாட்டீங்களே! மூத்திரம் காட்டிக்கொடுக்கும்னு யாரு கண்டா? குழு வந்து பார்த்தா மாட்டிப்பேன்னுதான் லோலோவை எடுத்தேன்."

சோசாயா தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். முப்பது வருட சர்வீஸில் இப்படி ஒரு கிரிமினல் மூளையை அவர் பார்த்ததில்லை.

"மூணு வருஷம்!" அவர் தலையில் கை வைத்தார். "மொத்தமும் பாழ்! பாவம் அந்தப் பொண்ணு..."

ஆனால் அந்தப் பெண் அழவில்லை.

எலெனோவா அசையாமல் நின்றாள். அவள் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது... சிவந்தது... பிறகு பளிச்சென்று விரிந்தது!

"ஒருநாள்கூட விடாம மாத்தி வச்சீங்களா?"

"சர்ச்சுக்கு லீவு போட்டாலும் சோத்துக்கு லீவு போடுவேனா?"

"ஒரு தடவைகூட மறந்து சரியா வைக்கலையே?"

"யாரைப் பார்த்து என்ன கேக்கறே?"

"சார்!" எலெனோவா துள்ளினாள். "ஒண்ணும் பாழாகல! எல்லாம் தலைகீழ், அவ்வளவுதான்! லோலோதான் பிளாஸ்டிக் பன்னி. அந்தப் பக்கம் இருக்கறதுங்கதான் இலைப் பன்னிங்க! ஆக்லாந்துக்காரங்க லேபிளை மாத்தலை. நான் ஏமாத்தலை. மூத்திரம் பொய் சொல்லலை! நாளைக்கு ரெண்டு பக்கமும் ஊசி போட்டுப் பார்த்தா உண்மையான பதில் என்னமோ அது வரும்!"

"அப்ப நான் கெடுக்கலையா?" அத்தையின் குரலில் லேசான ஏமாற்றம்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் ஆராய்ச்சி செஞ்சதில்ல அத்தை! நாளைக்கு அவங்க வந்ததும் இதை நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன். சாப்பிட வச்சுட்டுச் சொல்றேன்."

சோசாயா தொண்டையைக் கனைத்தார். தீர்ப்புச் சொல்லும் நேரம்.

"ஃபூசி அம்மா. அத்தை எடுத்தா அது திருட்டு இல்ல. கேஸ் கிடையாது. ஆனா ஒரு தண்டனை உண்டு. தம்பிக்கு இருந்த வைரஸ் உங்களுக்கும் இருக்கலாம். நாளைக்கு ஊசி லோலோவுக்கு மட்டுமில்ல. உங்களுக்கும் ரத்தம் எடுக்கறோம்."

"ஊசியா? எனக்கா?" அத்தை இரண்டடி பின்வாங்கினாள். "நான் மாட்டேன்! இவ சொன்னா நான் கேக்கணுமா?"

"அவ சொல்ல முடியாது. அதான் நான் சொல்றேன். சட்டத்துக்கு அத்தை கிடையாதும்மா."

அத்தை லோலோவைப் பார்த்தாள். லோலோ அத்தையைப் பார்த்தது.

"அதுக்கு முதல்ல போடுங்க" என்றாள். "அது கத்தலைன்னா எனக்கும் போடுங்க."

எலெனோவா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை விடுவித்துக்கொள்ளவில்லை.

அப்புறம் எல்லாரும் சாப்பிட்டார்கள். வாழையிலையில்தான். கிளம்பும்போது தென்னோலைக் கூடையில் கிழங்கும் இலை மடிப்பும் கட்டிக் கொடுத்தாள் அத்தை. கேப்பு பவ்யமாக அந்த மூடியை நீட்டினான்.

"அத்தை, உங்க மூடி."

அத்தை வாங்கினாள். புள்ளிகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு கண்களைச் சுருக்கினாள்.

"மூடி வந்துடுச்சு. டப்பா எங்கடா? உன் கல்யாணத்துக்குக் கொடுத்தது, ஈஸ்டருக்குக் கொடுத்தது, உன் பொண்டாட்டி பிறந்தநாளுக்குக் கொடுத்தது..."

"நாலே நாலுதான் அத்தை... நாளைக்கே..."

"நாலா? ஒன்பது!"

சோசாயா மெதுவாகத் திரும்பினார்.

"கேப்பு."

"சார்?"

"காலையிலேர்ந்து தீவு பூரா ஒரு திருடனைத் தேடிட்டிருக்கேன்டா. அவன் என் ஜீப்லயே உட்கார்ந்துட்டு வந்திருக்கான்! எடு விலங்கை!"

கேப்பு இடுப்பைத் தடவினான். வெறும் இடுப்பு. ஆராய்ச்சிக்கூடத்து வாசல் பெட்டி ஞாபகம் வந்தது. முகம் மலர்ந்தது.

"வேண்டாம் சார்... அது பிளாஸ்டிக். கல்லீரலுக்கு ஆகாது!"